பைன் காடும் பழனி மலையும்

கொடைக்கானல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பைன் காடு. வரிசையாக வானுயர்ந்த மரங்கள், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும் ஊசி இலைகள். எத்தனையோ சினிமாப் பாடல்களில் பார்த்த இடம் அது. அதை ஆதிகாலத்துக் காடு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது மனிதர் நட்ட தோப்பு!

தென்னிந்தியாவில் இயற்கையாக முளைக்கும் பைன் இனம் எதுவும் இல்லை. இங்கே நட்ட பட்டுலா பைனின் தாயகம் மெக்சிகோ. 1906-ல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி பைன் நடவைத் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

அதற்கு முன் மலை எப்படி இருந்தது? கீழ்மலையில் ஆடலூர், தாண்டிக்குடிப் பக்கம் வேறு வகைக் காடுகள். இன்று அங்கே காப்பித் தோட்டங்கள். மேல்மலையில் பள்ளங்களில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்தவை இவைதான். ஆனால் ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிட சீகை மரம், விறகுக்கும் காகிதத்துக்கும் யூகலிப்டஸ், பைன் என்று நட்டுக்கொண்டே போனார்கள். விளைவு? 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

மனிதர் இந்த மலைக்குப் புதியவர்கள் அல்ல. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்கள், பயிர் செய்த குன்னுவர்கள் எல்லாம் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். தாண்டிக்குடி போன்ற இடங்களில் உள்ள கற்திட்டைகள் அவர்கள் காலத்துக்கும் முந்தைய பெருங்கற்கால மக்களை நினைவூட்டுகின்றன. செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஆங்கிளேட், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து இக்கற்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்தக் கற்களோடு ஒப்பிட்டால் பைன் நேற்று வந்த விருந்தாளி.

அதற்காகப் பைன் மரங்களை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்க முடியுமா? மண் சரியும். தோப்பு நிழலிலேயே சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அவையும் நசுங்கிப் போகும். எங்கே மரத்தை எடுப்பது, எங்கே விடுவது என்று இடம் பார்த்து, நிதானமாகத்தான் செய்ய வேண்டும். எஞ்சியிருக்கும் புல்வெளியில் இனி ஒரு மரமும் நடாமல் இருப்பது அதைவிட முக்கியம். கொடைக்கானல் போகிறவர்கள் பைன் காட்டில் படம் எடுத்த கையோடு, பக்கத்துச் சரிவில் இருக்கும் புல்லையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். மலையின் உண்மையான பழைய முகம் அதுதான்.