பால் - விர்ஜினி படங்களில் காணாத தமிழர்

பெர்னார்தின் தெ சான்பியேர் (1737-1814) என்னும் பிரெஞ்சுக்காரர் 1768 முதல் 1770 வரை மொரீசியசுத் தீவில் பொறியாளராகப் பணிபுரிந்தார். பிரான்சுத் தீவு என்பது அதற்கு அந்நாளைய பெயர். தாயகம் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1788இல், அத்தீவைக் களமாக வைத்துப் 'பாலும் விர்ஜினியும்' என்ற காதற் புதினத்தை வெளியிட்டார். ஒன்றாய் வளர்ந்த இருவர். பெண் பிரான்சுக்கு அனுப்பப்படுகிறாள். மீண்டு வரும்போது கரைக்கு எதிரிலேயே கப்பல் உடைந்து மாள்கிறாள். கதை இவ்வளவே. ஐரோப்பாவோ அழுது தீர்த்தது. ஓவியர்களோ வரைந்து ஓயவில்லை.

1789ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்கு படங்கள். மூன்று மொரோவின் கைவண்ணம். கப்பல் உடையும் காட்சி கடலோவியர் வெர்னேயுடையது. 1806இல் வந்த பெரும்பதிப்புக்கு ழிரொதே, ழெரார், புருதோன், இசபே முதலிய அறுவர் ஆளுக்கொன்று வரைந்தனர். இவர்களில் ஒருவரேனும் அத்தீவை மிதித்தவரல்லர். நூலாசிரியர் எழுத்தில் கண்ட மலையையும் வாழையையும் பாரிசில் இருந்தபடியே வரைந்தனர்!

ழெரார் வரைந்தது ஆளுநர் லபூர்தொனே விர்ஜினியின் குடிலுக்கு வரும் காட்சி. இந்த லபூர்தொனே கற்பனை மனிதர் அல்லர். 1735இல் தீவின் ஆட்சியை ஏற்றவர். 1746இல் சென்னையைப் பிடித்தவர். அதன் பொருட்டுத் துய்ப்ளேயுடன் அவர் மூட்டிக்கொண்ட பூசலை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் விரிவாகக் காணலாம்.

போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்க அவர் ஆள் தேடிய ஊர்களுள் புதுச்சேரியும் ஒன்று. கொத்தரும் தச்சரும் கொல்லரும் அங்கிருந்து கப்பலேறினர். இந்தியாவிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டுச் சென்றவர்களும் உண்டு. தமிழரை அக்காலப் பிரெஞ்சுக்காரர் 'மலபார்' என்றே எழுதினர். போர்ட் லூயியில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்ற பெயரும் நிலைத்தது. சான்பியேர் இவர்களைக் கண்ணாரக் கண்டவர். 1773இல் வெளியிட்ட பயண நூலில் குறித்தும் இருக்கிறார்.

புதினத்திலும் ஓரிடம் உண்டு. விர்ஜினியின் உடல் கிடத்தப்பட்டபோது, வங்கத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் வந்த பெண்கள் கூண்டு கூண்டாய்ப் பறவைகளைக் கொணர்ந்து அவள்மேல் பறக்கவிட்டனராம். இப்பெண்களில் தமிழச்சியரும் இருந்திருப்பர் என்று கொள்வதில் பிழையில்லை. ஓர் ஓவியனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? ஆயினும் 1806ஆம் ஆண்டின் ஆறு ஓவியரும் இதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைப் பருவம், ஆற்றைக் கடத்தல், ஆளுநர் வருகை, பிரிவு, கப்பற்சேதம், கல்லறை இவையே அவர்கள் கண்ணில் பட்டன. ஆளுநருக்கு ஒரு முழுப்படம் கிடைத்தது. அவருடைய ஊரைக் கட்டிய கைகளுக்கு ஒன்றும் இல்லை.

1838இல் குர்மேர் என்ற பதிப்பாளர் நூற்றுக்கணக்கான மரச்செதுக்குப் படங்களோடு இந்நூலை வெளியிட்டபோது, அதே ஆசிரியரின் 'இந்தியக் குடிசை'யையும் சேர்த்துக் கட்டினார். அதற்குப் படம் வரைந்தோருள் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மெசோனியே ஒருவர். அக்கதையின் தலைவன் 'பரியா'. பறையர் என்னும் தமிழ்ச் சொல்லே ஐரோப்பியர் நாவில் அவ்வாறு திரிந்தது. ஒதுக்கப்பட்ட அம்மனிதன் உடன்கட்டையிலிருந்து தப்பிய பார்ப்பனக் கைம்பெண்ணை மணந்து காட்டில் வாழ்கிறான். உலக ஞானம் தேடிவந்த ஆங்கிலப் புலவர் அவன் குடிசையில்தான் விடை பெறுகிறார்.

கதைக்கு வித்தான செங்ழெரான் கப்பல் 1744 ஆகஸ்டில் தீவின் வடகிழக்குப் பவழப்பாறையில் மோதி உடைந்தது. புதினம் கூறுவதுபோல் திசம்பர் மாதத்துப் புயலில் அன்று. அதன் மணி இன்று மாயேபூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.