அர்மீனியப் பின்னல்: ஸ்வெட்டரில் எட்டிப்பார்க்கும் இரண்டாவது நிறம்!

கறுப்பு ஸ்வெட்டர்... கழுத்தில் வெள்ளை ரிப்பன் முடிச்சு. கிட்டப்போய்ப் பார்த்தால் அது ரிப்பனே இல்லை, பின்னல்! 1927-ல் பாரிஸ் டிசைனர் எல்சா ஸ்கியாபரெல்லியைப் பிரபலமாக்கிய ஸ்வெட்டர் இது. பின்னிக்கொடுத்தவர், அங்கே வாழ்ந்த அர்மீனியப் பெண் அரூசியாக் மிக்கேலியன். அவர் பெயர்தான் பலருக்கும் தெரியாது.

என்ன டெக்னிக்?

வழக்கமான இரு நிறப் பின்னலில், பயன்படாத நூல் உள்பக்கம் நீளமாகத் தொங்கும். போடும்போது விரலில் மாட்டும். இதில் அந்த நூலையும் சில கண்ணிகளுக்கு ஒருமுறை பின்னலோடு சேர்த்துப் பிடிச்சுக்கிட்டே போகணும். அதனால் கறுப்புக்கு நடுவே குட்டிக்குட்டி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதுதான் இதன் அழகே!

டிரை பண்ணப்போறீங்களா?

துணி கனமாகும், இழுவை குறையும். அதனால் மெல்லிய கம்பளி நூல் எடுங்க. முதலில் உள்ளங்கை அளவு சாம்பிள் பின்னிப் பாருங்க. இறுக்கமா இருந்தா ஊசியை ஒரு சைஸ் பெருசாக்குங்க. முடிச்சதும், உள்பக்க ஓரத்தில் உங்க பெயரையும் மறக்காம தைச்சிடுங்க!