மூன்று எண்களின் வரலாறு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் பருமனையும் வேகத்தையும் பற்றியதாகவே எழுதப்படுகின்றது. மனிதனும் பொறியும் எவ்வழியாகப் பேசிக்கொண்டனர் என்பதும் வரலாறே அன்றோ? யுனிக்ஸ் அமைப்பில் அவ்வழி மூன்று சிற்றெண்களுள் அடங்கியது.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் பி.டி.பி.-7 எனும் சிறு கணினியில் யுனிக்சை உருவாக்கத் தொடங்கினர். மனிதன் முன்னமர்ந்து தட்டச்சிடும் முனையத்தையும் அவர்கள் ஒரு கோப்பாகவே கொண்டனர். ஆணைகளை ஏற்கும் ‘ஷெல்’ எனும் செய்நிரல் அக்கோப்பைத் திறக்கும். வாசிக்க 0, எழுத 1 எனும் எண்கள் கிடைக்கும். ஏனைய செய்நிரல்கள் இவ்வெண்களையே அறியும். எண்ணின் பின்னாலிருப்பது முனையமா, தட்டில் பதிந்த கோப்பா என்பதை அவை அறிய வேண்டியதில்லை.

இதன் பயன் பெரிது. முன்னோடியான மல்ற்றிக்ஸ் அமைப்பில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப ஓர் ஆணையும், முனையத்துக்கு மீட்க மற்றோர் ஆணையும் வேண்டியிருந்தன. யுனிக்சில் ‘>’ எனும் குறியொன்றே போதுமாயிற்று. ஷெல் தனக்கொரு பிரதியைப் படைக்கும். அப்பிரதி 1 ஐ மூடிவிட்டுப் புதுக்கோப்பைத் திறக்கும். வெறுமையாயுள்ள எண்களுள் மிகச் சிறியதே வழங்கப்படுமாதலால் அக்கோப்பு 1 ஆகிவிடும். அதன் பின்னரே வேண்டிய செய்நிரல் பிரதியின் இடத்தில் இயங்கும். மூல ஷெல்லின் முனையத் தொடர்போ குலையாதிருக்கும். ஒரு செய்நிரலின் 1 ஐ மற்றொன்றின் 0 உடன் பொருத்தும் ‘குழாய்’, டக் மக்கில்றோயின் எண்ணப்படி, 1973 இன் மூன்றாம் பதிப்புக் கைந்நூலில் இடம்பெற்றது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. 1 திருப்பப்பட்டால் பிழைச்செய்தியும் அதனோடு போய்விடும். முனையத்தின் முன் காத்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது. ஒளியச்சுப் பொறிக்கு அனுப்பிய பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச்செய்தியே அச்சாகி வந்த அனுபவத்தின் பின்னரே, 1970களில், 2 எனும் தனிவழி பிறந்ததென அக்காலத்தவர் நினைவுகூர்ந்துள்ளனர். மூன்றும் வேறிடம் திரும்பினாலும் மனிதனை நேரே அடைய ‘ரீ.ரீ.வை.’ எனும் சிறப்புக் கோப்பும் அமைந்தது. கடவுச்சொல் கேட்கும் செய்நிரல்கள் அதனையே நாடுகின்றன.

அன்றைய தட்டச்சு முனையங்கள் மறைந்துவிட்டன. 0, 1, 2 ஆகியன இன்றும் நிலைத்துள்ளன. விளைபொருள் எங்கு வேண்டுமாயினும் செல்லலாம். தவறு நேர்ந்ததென்ற செய்தி மட்டும் அதனை அறியவேண்டிய மனிதனைச் சேர்ந்தே ஆகவேண்டும். பட்டறிவால் பெற்ற இப்பாடம் கணினிக்கு மட்டும் உரியதன்று.