பதக்கமும் எட்டிப்பூவும்

மணி பதிக்கப்பெறுதலின் பதக்கமாயிற்று என்று புலவரொருவர் அண்மையில் எழுதியிருக்கிறார். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் திருத்தணியில், தமிழர் பதக்கம் என்னும் அணியையே தெலுங்கர் பதகமு என்பதைச் செவிமடுத்திருப்பாராயின் அவ்வாறு எழுதத் துணிந்திரார். கன்னடத்தில் அது பதக. வடமொழியில் கழுத்தணியைக் குறித்த அச்சொல் தமிழில் ககரம் இரட்டித்து நின்றது. பதித்தலுக்கு இங்கே வேலையில்லை.

ஆராய வேண்டுவது வேறு. மார்பில் தொங்கிய அணியின் பெயர், தொங்கவிட வளையமுமில்லாத பரிசுவில்லைக்கு எங்ஙனம் ஏறிற்று? 1851ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சியில் பரிசாக வழங்கிய வெண்கல வில்லைகள் பேழையில் வைத்துக் காக்கத்தக்கவையேயன்றி அணியத்தக்கவை அல்ல. பெற்றவர் பெயரும் அவர் சரக்குச் சேர்ந்த வகுப்பின் எண்ணும் விளிம்பிலே பொறிக்கப்பட்டமையால், அவற்றைத் திரட்டுவோர் முகப்பிலுள்ள அரசியையும் அவள் கணவரையும் விட்டு விளிம்பையே முதலிற் படித்து, பின்னர் நடுவர் அறிக்கையோடு ஒப்புநோக்கி உரியவரைத் தேடுவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலோ, ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியே அச்சிற் சேர்க்கப்பட்டு வில்லையின் பின்புறத்தே எழும்பி நின்றது. ரவிவர்மா தம் பத்து ஓவியங்களை அனுப்பிப் பரிசு பெற்றது அங்கேதான். அவர் அச்சகத்து முருகன் படத்துக்கு மாலையிட்டு வணங்குவோர் பலர் அவர் சிகாகோவில் தங்கப் பதக்கம் வென்றதாகச் சொல்வதுண்டு. தங்கம் அங்கே எவர்க்கும் வழங்கப்படவில்லை, அனைத்தும் வெண்கலமே. 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவர் பெற்ற கவர்னர் பரிசே பொன்.

பட்டமும் பொன்னும் சேர்ந்த பரிசு நமக்குப் புதிதன்று. பாணர்க்குப் பொற்றாமரை சூட்டியதையும் ஏனாதிப் பட்டம் பெற்ற படைத்தலைவனுக்கு மோதிரம் இட்டதையும் பழநூல் பயின்றார் அறிவர். குறுந்தொகையில் கிளி பற்றிய வேப்பம்பழத்துக்கு உவமையாய் வந்த பொற்காசும் நாணிற் கோக்கும் அணியே. ஆதலின் அணிக்கும் நாணயத்துக்கும் ஒரு சொல் வழங்குதல் தமிழில் தொன்மையது, வடமொழி நிஷ்கமும் அத்தகையதே. வடிவத்திலும் இவ்வொற்றுமை உண்டு: அரசிலை என்பது குழந்தையின் அரையணி. திருத்தணியிற் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1954இல் பெற்ற பாரத ரத்தின விருதின் பதக்கத்துக்கும் பின்னர் அரசிலை வடிவமே வாய்த்தது. எனினும் கண்காட்சிப் பரிசுக்கு மிக அணுக்கமானது, எட்டி என்னும் பட்டம்பெற்ற வணிகனுக்கு அரசன் அளித்த பொற்பூவாகிய எட்டிப்பூவே. எட்டியைச் சிரேஷ்டியின் திரிபென்பார் உளர், இருக்கட்டும். போருக்கும் பாட்டுக்குமன்றி வாணிகத்துக்கும் பட்டத்தோடு பொன் அளிக்கும் வழக்கு அதில்தான் தெளிவாகக் காணப்படுகிறது. பதக்கம் என்னும் பெயர் வடமொழி. அப்பெயர் பரிசுவில்லைமேல் ஏறுதற்கு இடந்தந்தது எட்டிப்பூவின் மரபு என்பதே எம் துணிபு.