நான் எழுதிய கருணை மனு

பட்டாளத்து ஊனமுற்றோர் பென்ஷன் பற்றி எழுதுங்கள் என்று நம் பக்கத்துப் பழைய சோல்ஜர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம், அந்த விஷயத்தில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டையை 'மிலிட்டரி பேட்டை' என்றே சொல்வார்கள். அந்த ஊர் அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் ஊரிலிருந்தும் நிறையப் பேர் போனோம். நான் 1968-ல் கிளார்க்காகச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், எங்கள் தெருப் பையன் ஒருவன், 1978-ல் சிப்பாயாகச் சேர்ந்தான். பெயர் வேண்டாம், சிப்பாய் என்றே சொல்கிறேன். சேரும்போது மாடு மாதிரி உடம்பு. டாக்டர் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதித்தான் எடுத்தார்கள்.

1984-ல் வடக்கே பனிமலையில் இரவு சென்ட்ரி டூட்டியில் இருந்தபோது முதல் முறை வலிப்பு வந்தது. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், சேர்த்தார்கள், விட்டார்கள். மறுபடி வந்தது. 1987-ல் மெடிக்கல் போர்டு வைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருட சர்வீஸ். பதினைந்து வருடம் முடித்தால்தான் சிப்பாய்க்கு சர்வீஸ் பென்ஷன். கொஞ்சம் கிராஜுவிட்டி கொடுத்தார்கள், அவ்வளவுதான். டிசேபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வியாதி ராணுவ சேவையால் உண்டானதும் இல்லை, சேவையால் அதிகமானதும் இல்லை என்று அதில் ஒரே ஒரு வரி. பட்டாளத்துக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வரி அது.

1988-ல் லீவில் வந்தபோது அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டான். இல்லையடா, அப்பீல் போடலாம், ஆறு மாதம் டைம் இருக்கிறது என்றேன். அன்று இரவே உட்கார்ந்து நான்தான் மனு எழுதினேன். நான் வேலை பார்த்தது ஸ்டோர்ஸ் பக்கம், பென்ஷன் விதி எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவரை நல்ல ஆங்கிலத்தில், ஏழை, வயதான தாய், கைக்குழந்தை, ஐயா அவர்கள் கருணை காட்ட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது, பரிசீலித்தோம், மாற்றமில்லை என்று.

அதோடு விட்டுவிட்டோம். அவன் பெட்டிக்கடை போட்டான். அவன் மனைவி பீடி சுற்றினாள். வலிப்பு வருகிறவனை வாட்ச்மேன் வேலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை.

இப்போது சட்டம் அந்தக் காலத்தில் என்ன சொன்னது என்று பார்ப்போம். 1961-ம் வருட ராணுவ பென்ஷன் ரெகுலேஷனில் 173-வது பிரிவு இருக்கிறது. சேவையால் உண்டான அல்லது சேவையால் மோசமான ஊனம் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, அதனால் வெளியே அனுப்பப்பட்டால் பென்ஷன். இதற்குத் துணையாக 1982-ல் தகுதி விதிகள் என்று தனியாக வந்தன. அதில் ஐந்தாவது விதி, சேரும்போது எந்தக் குறையும் எழுதி வைக்கவில்லை என்றால் அந்த ஆள் முழு ஆரோக்கியத்தோடு சேர்ந்தான் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒன்பதாவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவன் தலையில் இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. பதினான்காவது விதிப்படி, சேரும்போது பதிவாகாத வியாதி சர்வீஸில் வந்தது என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். முன்பே கண்டுபிடித்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்வதானால் காரணம் எழுத வேண்டும்.

நான் மனு எழுதிய 1988-ல் இந்த விதிகளுக்கு ஆறு வயது. சிப்பாய்க்கு வந்த கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் தேடவில்லை. உரிமையாகக் கேட்க வேண்டியதைப் பிச்சையாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

1992-ல் நான் ரிடையர் ஆகி வந்து வேலூரில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கோர்ட் கட்டு தூக்கியே இருபது வருடம் போயிற்று. அங்கே உட்கார்ந்துதான் மெல்ல மெல்ல இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது. அதற்குள் மேலே சில நல்ல காரியங்கள் நடந்திருந்தன. அந்த நாளில் மெடிக்கல் போர்டு டாக்டர்கள் ஆளைப் பார்த்துப் பரிசோதித்து ஒரு சதவீதம் எழுதுவார்கள். அது அலகாபாத் பென்ஷன் கணக்கு ஆபீஸுக்குப் போகும். அங்கே இருக்கிற மருத்துவ ஆலோசகர் ஆளைப் பார்க்காமலே காகிதத்தைப் பார்த்து சதவீதத்தைக் குறைத்து விடுவார். இருபதுக்குக் கீழே போனால் பென்ஷன் போச்சு. 1993-ல் மொஹிந்தர் சிங் என்ற பழைய சாப்பரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், மேல் மெடிக்கல் போர்டு வைத்து மறுபடி பார்க்காமல் அப்படிக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, சிப்பாய் கிராமத்தில் இருக்கிறான். நடுவில் ஒரு வக்கீல் இல்லாவிட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை.

அப்போது போவதானால் ஐகோர்ட்டில் ரிட் போட வேண்டும். மெட்ராஸுக்குப் போய் வக்கீல் பிடித்து, வருடக் கணக்கில் காத்திருக்கப் பெட்டிக்கடைக்காரனால் ஆகுமா? 1999-ல் சட்டக் கமிஷன் தன் 169-வது அறிக்கையில் படைவீரர்களுக்குத் தனி டிரிப்யூனல் வேண்டும் என்றது. 2007-ல் சட்டம் வந்து, 2009 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. சென்னையிலும் ஒரு பெஞ்ச். ஐகோர்ட்டில் தூங்கிய கட்டுகள் அங்கே மாறின. ஒரு பெஞ்சில் நீதிபதியாக இருந்தவர் ஒருவர், படையில் பெரிய அதிகாரியாக இருந்தவர் ஒருவர். கேட்கிறவர் தானே வாதாடலாம், வக்கீலும் வைத்துக்கொள்ளலாம்.

2011 தொடக்கத்தில் ஒரு நாள் சிப்பாயைத் தேடிப் போனேன். ரெக்கார்டு ஆபீஸில் பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் பேப்பர்களை இருபத்தைந்து வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்து விடுவார்கள். 1987-உடன் இருபத்தைந்தைக் கூட்டிப் பாருங்கள். இதை ஒரு சுபேதார் மேஜர் பேச்சுவாக்கில் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், சேரும்போது எடுத்த மெடிக்கல் ஷீட், ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டோம். 2005-க்கு முன்னால் இதையெல்லாம் ரகசியம் என்று சொல்லிக் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

நாலு மாதத்தில் நகல் வந்தது. சேரும்போது எல்லாக் கட்டத்திலும் 'நில்'. போர்டு ஷீட்டில் 20 சதவீதம், நிரந்தரம். சேவையால் உண்டானதா? இல்லை. சேவையால் மோசமானதா? இல்லை. காரணம் எழுதும் இடத்தில், உடல்வாகில் உள்ள கோளாறு என்று ஒரே ஒரு சொல். எந்தப் பனிமலை, எத்தனை இரவு டூட்டி, ஒன்றும் இல்லை.

என் வக்கீல் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்க் கேஸ் இல்லப்பா, இதே வேலையாக இருக்கிறவரிடம் போ" என்று சென்னையில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வக்கீல் முன்பு படையில் இருந்தவர். நான் 1988-ல் எழுதிய மனுவின் கார்பன் காப்பியைக் காட்டினேன். படித்துவிட்டு, "இங்கிலீஷ் நல்லா இருக்கு, இதுல ஒரு விதி நம்பர்கூட இல்லையே" என்றார். எனக்குத் தலை தூக்க முடியவில்லை.

அவர் உடனே வழக்குப் போடவில்லை. முதலில் 5, 9, 14 விதிகளைச் சொல்லிப் புதிதாக ஒரு அப்பீல் அனுப்பினார். ஆறு மாதம் பதில் இல்லை என்றால் டிரிப்யூனல் கதவைத் தட்டலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். பதில் வரவில்லை. 2012 ஜூனில் வழக்குப் போட்டார். டைப் செலவும் போக்குவரத்தும்தான் வாங்கினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வரும் அரியர்ஸில் மூன்றில் ஒரு பங்கு கொடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுற்றுகிற ஆட்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசிக்கொள்வது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வக்கீல் இல்லாதவனுக்கு எதற்குப் பங்கு? சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவில் ஊனமுற்றவர்களும் இலவச வக்கீல் கேட்கலாம் என்று இருக்கிறது. மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். இருபது வருடம் அந்த வளாகத்திலேயே நடந்த எனக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் போய்க் கேட்கலாம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2013 ஜூலை 2-ந் தேதி, சுப்ரீம் கோர்ட் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் சிக்னல்ஸில் 1985-ல் சேர்ந்தவர். வலிப்பு நோய், 20 சதவீதம். 1994-ல் வெளியே அனுப்பினார்கள். போர்டு அவருக்கும் இதே பதிலைத்தான் எழுதியிருந்தது. இமாச்சல் ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி கொடுக்கச் சொல்ல, அப்பீலில் இரண்டு நீதிபதிகள் கிடையாது என்றார்கள். சுப்ரீம் கோர்ட் அதே மூன்று விதிகளை எடுத்து வைத்து, காரணம் எழுதாத போர்டு கருத்தை ஏற்க முடியாது, பென்ஷன் கொடு என்றது. வக்கீல் போனில் விஷயத்தைச் சொன்னபோது சிப்பாயின் கதையையே யாரோ அச்சடித்தது போல இருந்தது.

நவம்பரில் எங்கள் வழக்கு கடைசியாக விசாரணைக்கு வந்தது. காட்பாடியில் காலை ரயில் பிடித்துப் போனோம். பெஞ்சில் இருந்த படை அதிகாரியைப் பார்த்ததும் சிப்பாய் சட்டென்று எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அனுமதி என்றார்கள். 20 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடும் சலுகையும் சேர்த்துக் கிடைத்தது. 1996-க்கு முன் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கும் அது உண்டு என்று 2011-ல் கேப்டன் புட்டார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. முழு சர்வீஸ் முடித்து ஊனத்தோடு ரிடையர் ஆனவர்களுக்கும் உண்டா என்ற சண்டை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில்தான் தீர்ந்தது.

ஆனால் அரியர்ஸ் மூன்று வருடத்துக்கு மட்டும். பென்ஷன் மாதா மாதம் வரவேண்டிய பாக்கி என்பதால் வழக்கு எப்போது வேண்டுமானாலும் போடலாம், பழைய பணம் மட்டும் வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடம்தான் என்று 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் முடிவாகிவிட்டது. அதாவது 2009 ஜூனிலிருந்துதான் இவனுக்குப் பணம். 1987 முதல் 2009 வரை இருபத்திரண்டு வருடம் போனது போனதுதான். என் மனுவில் அந்த மூன்று விதி நம்பர்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்போதும் தள்ளியிருக்கலாம். ஆனால் தள்ளிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

ஆர்டர் கையில் வந்தும் பி.பி.ஓ. வர பதினோரு மாதம் ஆயிற்று. அதற்கும் ஒரு நிறைவேற்று மனு போட வேண்டி வந்தது. வந்த அன்று அவன் மனைவி என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். "அண்ணா, இதுல வியாதி பட்டாளத்துலதான் வந்துச்சுன்னு இருக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்றாள். தொகையை அவள் கேட்கவில்லை. அவன் மகளை, படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நிலைமை மறுபடி மாறியிருக்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் புதுத் தகுதி விதிகள் வந்துவிட்டன. அந்தத் தேதிக்குப் பின்னால் வெளியே வந்தவர்களுக்குப் பழைய 1982 விதிகளை அப்படியே காட்டி வாதாட முடியாது, ஒவ்வொரு வியாதிக்கும் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். இன்னொரு பக்கம், டிரிப்யூனல் தீர்ப்பை எதிர்த்து ஐகோர்ட் போகும் வழியை 2015-ல் சுப்ரீம் கோர்ட் அடைத்தது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதி பெஞ்ச் அதைத் திறந்துவிட்டது. சிப்பாய்க்குத் தோற்றாலும் சென்னையோடு போகும், டெல்லி வரை ஓட வேண்டாம்.

போன வாரம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் போன் செய்தான். முதுகெலும்பில் அடி, போன வருடம் போர்டு அவுட், பென்ஷன் இல்லை என்று கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. அப்பீல் எழுதிக் கொடுங்கள் தாத்தா என்றான். நான் எழுத மாட்டேன், மெடிக்கல் போர்டு ஷீட்டும் அடிபட்ட அன்று யூனிட்டில் எழுதின இஞ்சுரி ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு வா, வக்கீலிடம் போவோம் என்றேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.