பழவேற்காட்டுக் கரையில் வாய்மொழி நற்செய்தி: ஒரு வரலாற்று நோக்கு

நற்செய்தியை அறிவிப்பது வாழ்க்கையினாலா, வாய்ச்சொல்லினாலா என்னும் வினா நம் இறையியல் கல்லூரிகளில் அடிக்கடி எழுவதாகும். சமூகத் தொண்டும் நீதிக்கான முயற்சியும் திருச்சபையின் சாட்சியில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன, இது மகிழ்தற்குரியது. ஆயினும் இதன் விளைவாகச் செயல் ஒன்றே போதும், சொல் வேண்டுவதில்லை என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றி வருகிறது. மறுபுறம், ஒலிபெருக்கியின் வலிமையையே நற்செய்தியின் வலிமையாகக் கொள்வோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வினாவைக் கேட்கத் தவறுகின்றனர். பேசப்பட்ட சொல் எப்பொழுது கேட்கப்பட்ட சொல்லாகிறது?

இவ்வினாவிற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கேயும் மேற்கேயும் பரந்து கிடக்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டிலும் இக்காட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் இவ்வினாவின் வரலாறு படிந்து கிடக்கிறது. அதனை மூன்று காலப்பகுதிகளாக நோக்குவோம்.

கோட்டைக்குள் ஒலித்த சொல்

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கட்டிய கெல்திரியாக் கோட்டை 1613-இல் நிறைவுற்றது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்து வணிகக் குழுமத்தின் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. இப்பகுதியின் நெசவுத் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. வெடிமருந்தும் இங்கே செய்யப்பட்டது. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட துறைமுகமும் இதுவே.

இக்கோட்டைக்குச் சீர்திருத்தத் திருச்சபையின் குருமார் வந்தனர். தரங்கம்பாடியில் முதல் லுத்தரன் மிஷனரிகள் இறங்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இக்கரையில் புரொட்டஸ்டண்டு வழிபாடு நடைபெற்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும் தமிழ்த் திருச்சபையின் தொடக்கத்தை நாம் 1706-லிருந்து எண்ணுகிறோமேயன்றிப் பழவேற்காட்டிலிருந்து எண்ணுவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

இங்கு ஊழியம் செய்தவர்களுள் சிறந்தவரான ஆபிரகாம் ரொகேரியுசின் வாழ்க்கையிலேயே விடை கிடைக்கிறது. 1630-களின் தொடக்கத்திலிருந்து 1642 வரை அவர் பழவேற்காட்டில் குருவாக இருந்தார். பத்மநாபன் என்னும் அந்தணரோடு நெருங்கிப் பழகி, இந்து சமயத்தவரின் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் பொறுமையாகக் கேட்டறிந்தார். அவருடைய நூல், அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் தலைப்பின் கருத்து. பத்மநாபன் எடுத்துரைத்த பர்த்ருஹரியின் நீதிமொழிகளும் அதில் இடம்பெற்றன. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பு இதுவே எனக் கருதப்படுகிறது. 1663-இல் ஜெர்மானிய மொழியிலும் 1670-இல் பிரெஞ்சு மொழியிலும் இந்நூல் வெளிவந்தது.

ரொகேரியுஸ் கேட்கத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விருவரும் உரையாடிய மொழி போர்த்துகீசியம். அவர் கோட்டையைச் சார்ந்த மக்களுக்குப் பணிபுரிந்த மொழியும் அதுவே. அக்காலத்தில் துறைமுகங்களில் வணிகருக்கும் துபாசிகளுக்கும் மாலுமிகளுக்கும் பொதுவாக வழங்கியது அம்மொழி. விலை பேசவும் வேலை வாங்கவும் அது போதுமானதாயிருந்தது. கோட்டைச் சுவருக்கு வெளியே வலை இழுத்தவனுக்கும் தறியில் அமர்ந்தவனுக்கும் அது வேற்று மொழி. பழவேற்காட்டு மக்களின் நாவில் இருந்தவை தமிழும் தெலுங்கும். ரொகேரியுஸ் திறந்த கதவு லெய்டன் நகரத்து வாசகருக்குத் திறந்தது. கோட்டை வாயிலில் நின்ற மக்களுக்குத் திறக்கவில்லை.

இது தனி மனிதரின் குறை எனக் கூறி நாம் அமைதியடைய இயலாது. மனிதரை விற்கும் குழுமத்திடம் ஊதியம் பெறும் குரு, தம் ஆண்டவரை விடுதலை தருபவராக அதே ஊரில் அறிவித்திருப்பின், கேட்டவர் என்ன நினைத்திருப்பர்? சொல்லின் பொருளைக் கேட்போர் அகராதியில் தேடுவதில்லை. சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்தே அறிந்துகொள்கின்றனர். மொழி ஒரு தடையாக இருந்தது. கோட்டை அதனினும் பெருந்தடையாக இருந்தது.

அடைக்கலம் புகுந்த சபை

1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற செய்தியை நாம் நன்கறிவோம். அவருடைய அச்சகத்தையும் 1715-இல் முற்றுப்பெற்ற புதிய ஏற்பாட்டுப் பதிப்பையும் போற்றும் நாம், அவருடைய உரையாடல்களைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர் ஊராகச் சென்று பல சமயத்தவரோடு உரையாடினார். அவற்றுள் முப்பத்து நான்கு உரையாடல்கள் 1719-இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளியாயின. அவர் எழுப்பிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைகளும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. அச்சுப்பணி இந்த வாய்மொழிப் பணியிலிருந்தே பிறந்தது.

தரங்கம்பாடியின் பணி வடக்கு நோக்கி விரிந்து, 1720-களில் பெஞ்சமின் ஷூல்ட்சேயின் வழியாகச் சென்னையை அடைந்தது. சென்னைக்கு வடக்கே தெலுங்கு வழங்குதலை உணர்ந்த அவர், அம்மொழியையும் கற்று அதில் வேதத்தை மொழிபெயர்க்க முற்பட்டார். அவருக்குப்பின் 1742-இல் சென்னைப் பணியை ஏற்றவர் யோகான் பிலிப் பப்ரீசியஸ். இவரே நம்மை மீண்டும் பழவேற்காட்டிற்கு அழைத்துச் செல்கிறார்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பப்ரீசியஸ் பழவேற்காட்டில் ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்து, சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பும் காலம்வரை அங்குத் தங்கி ஊழியம் செய்தார். 1758-இன் இறுதியில் லாலியின் படைகள் சென்னையை முற்றுகையிட்டபொழுதும் வேப்பேரி சூறையாடப்பட்டது. அவர் மறுபடியும் பழவேற்காட்டையே நாடினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ரொகேரியுஸ் வாழ்ந்த அதே ஊரில், உடைமை இழந்த சபையின் மேய்ப்பராக இவர் வந்து நின்றார்.

இவ்விருவரையும் ஒப்புநோக்குதல் நமக்குப் பயன் தரும். கல்வியில் ரொகேரியுஸ் குறைந்தவரல்லர், பக்தியிலும் குறைந்தவரல்லர். ஆயினும் பப்ரீசியசிடம் தமிழ் இருந்தது. உபதேசியாரும் சபையாரும் அவரோடு அதே மொழியில் ஜெபித்தனர். ஓடி வந்தவர் என்னும் நிலையில் அவரும் அவர்களுள் ஒருவராயிருந்தார். கோட்டையின் பாதுகாப்பை அவரும் பெற்றார் என்பதை மறைத்தற்கில்லை. ஆனால் கோட்டையின் குரலாக அவர் பேசவில்லை.

பப்ரீசியசின் புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. அதனை அச்சிட்ட அச்சகமும், 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அங்கிருந்து ஆங்கிலேயர் கொணர்ந்ததே. மொழிபெயர்ப்பில் அவர் கற்றாரையும் கல்லாரையும் கலந்து, வாசித்துக் காட்டித் திருத்தினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1871-இல் வெளியான ஐக்கியத் திருப்புதல், ஹென்றி பவரின் தலைமையில் அவருடைய மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே இன்றும் நம் ஆலயங்களில் பழைய திருப்புதல் வாசிக்கப்படும்பொழுது நாம் கேட்கும் ஓசையில், செவியினால் சோதிக்கப்பட்ட ஒரு மொழி உயிரோடிருக்கிறது.

இக்காட்டுச் சேரிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்சி கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு மாறுகிறது. அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூருக்கு அருகே, இக்காடு என்னும் ஊர் வெஸ்லியன் மிஷனின் பணித்தளமாயிற்று. அங்கு உழைத்த வில்லியம் கவுடி, சேரி மக்களிடையே பணியாற்றியதோடு, அவர்களின் அடிமை நிலையையும் வெளியுலகிற்கு எடுத்துரைத்தார்.

அம்மக்களில் பெரும்பாலோர் நிலவுடைமையாளரிடம் படியாட்களாகக் கட்டுண்டவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வேதம் நூலாகச் செல்ல வழியில்லை. உபதேசியாரின் வாய்மொழியும், மனப்பாடம் செய்த ஜெபமும் பாட்டுமே அவர்களுடைய வேதாகமமாயின. நற்செய்தியைப் பெரிதும் சுமந்து சென்றவர் மிஷனரியும் அல்லர். மாமன் மருமகனுக்குச் சொன்னான். கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் புகுந்த ஊரில் சொன்னாள். உறவின் வழியே சொல் நடந்து, சேரியிலிருந்து சேரிக்குச் சென்றது.

இச்சொல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. சேரி மக்கள் தங்கள் கடனையும் மனையிலிருந்து துரத்தப்படும் அச்சத்தையும் மிஷனரிகளிடம் கூறினர். அவ்வாறு கேட்டதன் பயனாகவே, கவுடியும் செங்கற்பட்டு ஸ்காத்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும் போன்றோர் அரசை நோக்கிப் பேசத் தொடங்கினர். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் சேரி மக்களின் நிலைகுறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என வழங்கிய நில ஒதுக்கீடு 1892-இன் அரசாணையிலிருந்து தோன்றியது. சொல்லா செயலா என்று நாம் பிரித்து வழக்காடும் இரண்டும் இக்காட்டில் ஒரே உரையாடலின் இரு பகுதிகளாயிருந்தன. நற்செய்தியைச் சொல்லச் சென்றவர் மக்களின் துயரைக் கேட்டார். கேட்டபின் வாளாவிருக்க அவரால் இயலவில்லை.

கேள்வி என்னும் சொல்

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில், விசுவாசம் எதனால் வருகிறது என்று பவுல் காட்டும் இடத்தில், நம் பழைய மொழிபெயர்ப்பு ‘கேள்வி’ என்னும் சொல்லை வழங்குகிறது. கிரேக்க மூலத்தின் சொல் செவியுறுதலையும் செவியுற்ற செய்தியையும் குறிக்கும். தமிழ்ச் சொல்லோ, செவியுறுதலோடு வினவுதலையும் குறிக்கிறது. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார். கேட்டறிதலைச் செல்வமாகப் போற்றும் மரபில் வளர்ந்த தமிழ்ச் செவிக்கு, விசுவாசம் கேட்பதிலும் வினவுவதிலும் பிறக்கிறது என்னும் கருத்து அயலானதன்று.

அப்போஸ்தலர் நடபடிகளின் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரியின் கையில் வேதம் இருந்தது. வாய்விட்டு வாசித்துக்கொண்டும் இருந்தான். எனினும் அவனருகே இரதத்தில் ஏறி அமர ஒரு மனிதன் தேவைப்பட்டான். பிலிப்பு வினாவோடு தொடங்கினான்; மந்திரியும் வினாவையே திருப்பித் தந்தான். அவ்விரு வினாக்களுக்குப் பின்னரே பிலிப்பு வாய்திறந்து இயேசுவை அறிவித்தான்.

இன்று கும்மிடிப்பூண்டியில்

இவ்வரலாறு நம்மிடம் ஒரு பொறுப்பை வைக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். அவர்களிடையே பொதுவாக வழங்குவது இந்தி. பழவேற்காட்டுத் துறைமுகத்தில் போர்த்துகீசியம் இருந்த இடத்தில் இன்று இந்தி இருக்கிறது எனலாம். வேலை வாங்க அது போதும். ஆனால் தாயிடம் தொலைபேசியில் பேசும் மொழி பலருக்கு போஜ்புரியோ ஒடியாவோ வங்காளமோ சந்தாலியோ ஆகும். அதே கும்மிடிப்பூண்டியில், போரினால் நாடிழந்து வந்த இலங்கைத் தமிழருக்கான மறுவாழ்வு முகாமும் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. அவர்களுடைய மொழி நம் மொழியே. இருப்பினும் அவர்களுடைய கதையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இவர்களுக்கு நம் சபைகள் எவ்வாறு தோன்றுகின்றன? ஞாயிறுதோறும் சுவருக்குள் ஒலித்து, வெளியே நிற்பவருக்கு விளங்காத ஓசையாய்த் தோன்றினால், ஒல்லாந்தர் கோட்டை இடிந்தும் அதன் வழக்கம் நம்மிடம் இடியவில்லை என்றே பொருள். அவர்களுள் ஏற்கெனவே கிறிஸ்தவராய் இருப்போரையாவது நாம் தேடிக் கண்டோமா? அவர்களுடைய மொழியில் வேதம் வாசிக்க ஒரு மணிநேரம் ஒதுக்கினோமா? களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர் பிரசங்கக் குறிப்போடு மட்டும் செல்லாமல், இரவு முறை, ஒப்பந்தக் கூலி, இயந்திரத்தில் இழந்த விரல் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் செவியோடும் செல்லுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பிறர் உதவியை எதிர்நோக்கி நிற்பவரிடம் பேசும் சொல் எளிதில் நெருக்குதலாக மாறும். நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வுரிமை தன் சமயக் கொள்கைகளை எடுத்துரைப்பதற்குரியது, பிறரை மதம் மாற்றுவதற்குரிய உரிமையன்று என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிக் கிறிஸ்தவரிடையே பல கருத்துகள் உண்டு. ஆயினும் எடுத்துரைத்தல் நம்முடையது, விசுவாசத்தைப் பிறப்பித்தல் தூய ஆவியானவருடையது என்பது நம் இறையியலுக்கும் ஏற்புடையதே. மறுத்துச் செல்ல உரிமையுள்ளவனிடம் பேசப்படும் சொல்லே நற்செய்தியாகும்.

வாய்ச்சொல் வேண்டுவதில்லை என்போருக்கு இப்பகுதியின் வரலாறு இக்காட்டுச் சேரிகளைக் காட்டுகிறது. அங்கே ஒருவரும் வாய் திறவாதிருந்தால் அம்மக்களின் துயரும் வெளிவந்திராது, அவர்களுடைய விசுவாசமும் பிறந்திராது. சொல் மட்டும் போதும் என்போருக்கு அது கெல்திரியாக் கோட்டையின் இடிபாடுகளைக் காட்டுகிறது. ஆயர்களும் மாணவர்களுமாகிய நாம் சுவரைக் கடந்து வெளியே செல்வோம், முதலில் கேட்போம், கேட்டவரின் மொழியிலேயே ஆண்டவரை அறிவிப்போம்.