பிரித்தானிய மருத்துவர்களின் ஊதியப் போராட்டங்களும் பொதுமக்கள் மனநிலையும்

பிரித்தானியாவில் மருத்துவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான ஊதியத் தகராறுக்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1948க்குப் பின் அந்நாட்டு மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் தேசிய சுகாதார சேவையின் கீழ் பணியாற்றுகின்றனர். இச்சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. நோயாளியிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதனால் இங்கு மருத்துவர் வேலைநிறுத்தம் தொழிற்சாலை வேலைநிறுத்தத்திலிருந்து வேறுபடுகிறது. ஆலையில் வேலை நின்றால் முதலாளிக்கு நட்டம். மருத்துவமனையில் வேலை நின்றால் அரசுக்கு உடனடி இலாப இழப்பு ஏதுமில்லை. துன்பம் நோயாளியைச் சேர்கிறது. அந்த நோயாளியே வரி செலுத்துபவர், வாக்காளர். ஆகவே அரசும் மருத்துவர்களும் ஒவ்வொரு முறையும் மக்களின் மனத்தை வெல்லவே முயன்றுள்ளனர்.

தொடக்ககால மோதல்கள்

1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டம், குறைந்த வருமானமுள்ள தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி அளித்தது. பதிவு செய்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் தலைக்கு இவ்வளவு என மருத்துவருக்குத் தொகை தரப்பட்டது. தொகை போதாது என்று பிரித்தானிய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. இத்திட்டத்தில் சேரமாட்டோம் என மருத்துவர்களிடம் உறுதிமொழியும் வாங்கியது. அரசு தொகையை உயர்த்தியபின் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுகாதார அமைச்சர் அனெய்ரின் பெவன் தேசிய சுகாதார சேவையை உருவாக்க முனைந்தபோது இதே நாடகம் பெரிய அளவில் நடந்தது. 1948 தொடக்கத்தில் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் வாக்களித்த மருத்துவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் திட்டத்தை எதிர்த்தனர். அரசின் சம்பளக்காரர்களாகிவிடுவோம் என்பது அவர்கள் அச்சம். பெவன் சில சலுகைகளை அளித்தார். மூத்த சிறப்பு மருத்துவர்கள் தனியார் சிகிச்சையைத் தொடரலாம். குடும்ப மருத்துவர்கள் தனி ஒப்பந்தக்காரர்களாகவே இருக்கலாம். மறுபக்கம், இலவச மருத்துவத்திற்காகக் காத்திருந்த மக்கள் சேவை தொடங்குமுன்பே பெருமளவில் பதிவு செய்துகொண்டனர். திட்டத்திற்கு வெளியே நிற்கும் மருத்துவருக்கு நோயாளிகள் இருக்கமாட்டார்கள் என்ற நிலை வந்தது. எதிர்ப்பு தளர்ந்து, 1948 சூலை 5 அன்று சேவை தொடங்கியது.

1965, 1975: இரு வேறு அனுபவங்கள்

ஊதியத்தைப் பேரத்திலிருந்து விலக்கி வைக்க, 1960களின் தொடக்கத்தில் மருத்துவர், பல் மருத்துவர் ஊதிய மறுஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆயினும் தகராறு ஓயவில்லை. 1965இல் குடும்ப மருத்துவர்கள் சுமார் 18,000 பேர் தேதியிடாத பணிவிலகல் கடிதங்களைச் சங்கத்திடம் கொடுத்தனர். அவர்கள் ஊதியம் மட்டும் கேட்கவில்லை. நல்ல மருத்துவக்கூடம், உதவியாளர், ஒரு மருத்துவரிடம் குறைவான நோயாளிகள் என்பவற்றையும் கேட்டனர். இவை நோயாளிக்கும் பயன் தருபவை. 1966இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலைநிறுத்தமே தேவைப்படவில்லை.

1975இல் நிலைமை வேறு. அவ்வாண்டில் மூத்த சிறப்பு மருத்துவர்களும் பின்னர் இளநிலை மருத்துவர்களும் நாடு தழுவிய தொழில் நடவடிக்கையில் இறங்கினர். 'இளநிலை' என்பது மருத்துவப் படிப்பு முடித்து மேற்பயிற்சியில் இருக்கும் அனைவரையும் குறித்த சொல். வாரத்திற்கு 80 மணி நேரத்திற்கும் மேல் உழைத்தவர்கள் அவர்களுள் பலர். கூடுதல் நேரத்திற்குத் தனி ஊதியம் கேட்டனர். விலைவாசி கடுமையாக ஏறியிருந்த காலம் அது. எந்தத் தொழிலாளிக்கும் வாரத்திற்கு 6 பவுண்டுக்கு மேல் உயர்வு இல்லை என்று அரசு வரம்பு விதித்திருந்தது. எல்லோரும் கட்டுப்பட்ட வரம்பை மருத்துவர் மட்டும் மீறலாமா என்ற கேள்வியே அரசின் வலுவான வாதமாக இருந்தது. பல மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை மட்டுமே நடந்தது. இறுதியில் கூடுதல் நேர ஊதியம் கிடைத்தது; ஆனால் அது வழக்கமான மணிநேர ஊதியத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

2016: அவசரச் சிகிச்சையும் நின்றபோது

1975க்குப் பின் ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் பெரிய நடவடிக்கை இல்லை. 2012 சூன் 21 அன்று ஓய்வூதிய மாற்றத்தை எதிர்த்து ஒருநாள் நடவடிக்கை நடந்தது. பொதுமக்களில் பலருக்குக் கிடைக்காத அளவு ஓய்வூதியத்துக்கான போராட்டம் என்பதால் அது பெரிய அனுதாபத்தைப் பெறவில்லை.

2015-16இல் இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்கள் போராடியது புதிய பணி ஒப்பந்தத்தை எதிர்த்து. வார இறுதிப் பணியைச் சாதாரண வேலைநேரமாகக் கணக்கிட சுகாதார அமைச்சர் செரமி ஹண்ட் முனைந்தார். வாக்கெடுப்பில் 98 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். களைப்படைந்த மருத்துவர் நோயாளிக்கு ஆபத்து என்பதே அவர்களின் முதன்மை வாதம். 2016 சனவரியில் நடந்த முதல் வேலைநிறுத்தத்தில் அவசரச் சிகிச்சை தொடர்ந்தது. கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர். ஏப்ரல் 26, 27 தேதிகளில் சேவையின் வரலாற்றில் முதன்முறையாக இளநிலை மருத்துவர்கள் அவசரப் பிரிவிலிருந்தும் விலகினர். மூத்த மருத்துவர்கள் அவ்விடத்தை நிரப்பினர். அப்போது இப்சோஸ் மோரி கணிப்பில் ஆதரவு 57 விழுக்காடாகக் குறைந்தது. எதிர்ப்பு 26 விழுக்காடு. ஆதரவு குறைந்தும் பெரும்பான்மை நிலைத்தது கவனத்திற்குரியது. எந்தத் தொழிலினர் உண்மை பேசுவர் எனக் கேட்கும் ஆண்டுக் கணிப்புகளில் செவிலியரும் மருத்துவரும் உச்சியிலும் அரசியல்வாதிகள் அடியிலும் இருப்பது அந்நாட்டில் வழக்கம். மருத்துவரும் அமைச்சரும் முரண்பட்டால் மக்கள் முதலில் மருத்துவரையே நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடர்ந்து ஐந்து நாள் வேலைநிறுத்தங்களைச் சங்கம் அறிவித்தது. நோயாளிகளுக்குத் தீங்கு நேரும் என்ற எச்சரிக்கை மருத்துவத் துறைக்குள்ளிருந்தே எழுந்ததால் அதைக் கைவிட்டது.

2023-2025: ஊதியமே மையமான போராட்டம்

2020 வசந்தகாலத்தில், கோவிட் பெருந்தொற்றின்போது, பத்து வாரங்கள் வியாழன் இரவுதோறும் மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டினர். மூன்றாண்டுக்குள் அதே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றனர். 2008க்குப் பின் விலைவாசியோடு ஒப்பிடுகையில் தம் ஊதியம் கால் பங்குக்கு மேல் தேய்ந்துவிட்டது என்றும், அதை மீட்க 35 விழுக்காடு உயர்வு வேண்டும் என்றும் கேட்டனர்.

இங்கே கணக்கே சண்டைக்களமாயிற்று. சங்கம் சில்லறை விலைக் குறியீட்டைப் பயன்படுத்தியது; நுகர்வோர் விலைக் குறியீட்டில் கணக்கிட்டால் இழப்பு குறைவு என்று மறுதரப்பு கூறியது. புதிய மருத்துவருக்கு மணிக்கு 14.09 பவுண்டு, காபிக்கடை ஊழியர் அதைவிடக் கூடுதலாகப் பெறலாம் என்ற சங்கத்தின் விளம்பரம் எங்கும் பேசப்பட்டது. அது முதலாண்டு மருத்துவரின் அடிப்படை ஊதியம் மட்டுமே என்றும், இரவுப்பணிப் படிகளும் அனுபவத்தோடு ஏறும் ஊதியமும் அதில் சேரவில்லை என்றும் விமர்சகர்கள் சுட்டினர்.

2023 மார்ச்சு மாதம் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் 2024 கோடை வரை தொடர்ந்தன. 2024 சனவரியில் ஆறு நாள் நடந்தது, அதுவரை சேவையின் வரலாற்றில் மிக நீண்டது. 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட சிகிச்சை நாட்கள் தள்ளிப்போயின. அதே காலத்தில் போராடிய செவிலியர்களுக்குக் கிடைத்த ஆதரவு மருத்துவர்களுக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. செவிலியரின் ஊதியம் குறைவு. மருத்துவரோ பின்னாளில் நன்கு சம்பாதிக்கப் போகிறவர் என்று மக்கள் கருதினர். எனினும் அரசு பேச மறுக்கிறது என்ற எண்ணமும் பரவியிருந்தது. இசுக்காட்லாந்தில் அரசு பேசி, 12.4 விழுக்காடு உயர்வை மருத்துவர்கள் 2023இல் ஏற்றதால் அங்கே வேலைநிறுத்தம் நடக்கவில்லை.

2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, இரண்டு ஆண்டுகளுக்குச் சராசரியாக 22.3 விழுக்காடு உயர்வு அளித்தது. 66 விழுக்காட்டினர் வாக்களித்து அதை ஏற்றனர். 'இளநிலை' என்ற சொல் தகுதியைக் குறைத்துக் காட்டுகிறது என்பதால் 'உறைவிட மருத்துவர்' என்ற பெயரும் வந்தது. ஆனால் இழந்தது முழுவதும் மீளவில்லை என்று 2025 சூலையில் மீண்டும் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை யூகவ் கணிப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்த்தனர். பெரிய உயர்வு பெற்று ஓராண்டுக்குள் மீண்டும் போராட்டமா என்பதே பரவலான கேள்வி.

வரலாறு காட்டுவது

இப்போராட்டங்களை ஒப்பிட்டால், கேட்ட தொகையின் அளவு மட்டும் மக்கள் மனநிலையைத் தீர்மானிக்கவில்லை என்பது புலப்படும். முதலாவது, கோரிக்கை நோயாளியின் நலனோடும் இணைந்திருக்கிறதா என்பது: 1965, 2016 இரண்டிலும் அது இணைந்திருந்தது, 2012இல் இல்லை. இரண்டாவது, அவசரச் சிகிச்சை தொடர்கிறதா என்பது. மூன்றாவது, பேச்சுக்கு வர மறுப்பவர் யார் என்று மக்கள் கருதுகிறார்கள் என்பது. 2023இல் அந்தப் பழி பெரிதும் அரசின்மேல் விழுந்தது. 2025இல் மருத்துவர்களை நோக்கித் திரும்பியது.

மருத்துவர்களின் கணக்கு இரண்டு ஆண்டிலும் ஒன்றுதான்: பழைய ஊதியத்தின் மதிப்பு இன்னும் மீளவில்லை. மக்களின் கணக்கு வேறு. அவர்கள் கண்டது தள்ளிப்போன அறுவை சிகிச்சையும், கையில் வந்துவிட்ட ஓர் உயர்வும். இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இன்றும் பிரித்தானிய மருத்துவர் சங்கத்தின் முன் நிற்கும் கடினமான சிக்கல்.